அனுதினமும் பின்செல்லுதல்: விசுவாச வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆராதனை முடிந்ததும் கைகொடுத்து வாழ்த்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். திங்கட்கிழமை வேலையும் கடன் தவணையும் வீட்டுப் பிரச்சினைகளும் வழக்கம்போலக் காத்திருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்புவித்து, திடப்படுத்தலும் பெற்று, பிறகு நெடுங்காலம் பெயரளவில் மட்டும் இருந்துவிட்டு, இப்போது மெய்யாகவே தொடங்க விரும்புகிறவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். இந்த இரு சாராரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை ஆகியவற்றின் வழக்கங்களிலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன். பிற சபையினர் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"ஒருவன் என் பின்னே வர விரும்பினால், அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்" என்று லூக்கா 9:23 சொல்கிறது. ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், காணிக்கை முதலிய பழக்கங்களெல்லாம் இந்த அனுதினப் பின்செல்லுதலுக்குத் துணை நிற்பவை. அவற்றால் கடவுளின் அன்பைச் சம்பாதிக்க முடியாது. அந்த அன்பு நாம் தொடங்குவதற்கு முன்பே நமக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் பழக்கங்கள் எதற்கு என்று கேட்டால், நம் கோபமும் பணமும் நாவும் அந்த அன்புக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொள்வதற்குக் காலமும் பயிற்சியும் தேவைப்படுகின்றன என்பதே பதில். எனவே ஒரு பழக்கம் உங்களிடம் வேரூன்றியிருக்கிறதா என்பதை அறிய, உங்கள் ஜெபம் எவ்வளவு நீளமானது என்று பார்க்க வேண்டாம். உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கும் அதனால் என்ன நன்மை வந்தது என்று பாருங்கள். கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலோடு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு நேரத்தைக் குறியுங்கள்

நம் சபைகளில் அதிகாலை ஜெபத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அதற்கு வேத ஆதாரமும் இருக்கிறது: கப்பர்நகூமில் மாலை வெகுநேரம் வரை நோயாளிகளைக் குணமாக்கிய இயேசு, மறுநாள் இருட்டோடே எழுந்து, தனிமையான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. ஆனால் இரவுப் பணி முடித்து விடியும்போது வீடு திரும்பும் செவிலியருக்கும், கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் தாய்க்கும் நாலு மணி ஜெபத்தைக் கட்டளையாகச் சொல்வது சரியன்று. உங்கள் நாளில் எந்தக் கால் மணி நேரத்தில் பிறர் குறுக்கீடு மிகக் குறைவாக இருக்கும் என்பதைக் கண்டுபிடித்து, அதையே குறியுங்கள்.

இடமும் முக்கியம். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணச் சொல்கிறார் ஆண்டவர். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் வீட்டில் பூட்டுவதற்குத் தனிக் கதவு இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு மொட்டை மாடியோ, எல்லோரும் எழுவதற்கு முன் சமையலறையோ, அலுவலகத்துக்குச் சற்று முன்னதாகச் சென்று அமரும் நாற்காலியோ அந்த அறையாக இருக்கலாம். கைப்பேசியை மட்டும் கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள். வேதாகமம் கைப்பேசியிலேயே இருக்கிறதே என்பீர்கள். வசனத்தைத் திறக்கும் முன்பே வாட்ஸ்அப் செய்தி திறந்துகொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அச்சிட்ட வேதாகமம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

காலையிலும் இரவிலும் சிறிது நேரம் என்று இரு வேளைகளைப் பிடித்துக்கொள்வது சபையின் பழைய மரபு. துறவிமடங்கள் நாளொன்றுக்குப் பல வேளைகள் கூடி ஜெபித்துவந்ததை, பொதுமக்களும் பின்பற்றும்படி காலை, மாலை என்று இரண்டு ஆராதனைகளாக இங்கிலாந்துத் திருச்சபை 1549இல் சுருக்கியது. மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய, விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாக விளக்கும் சிறிய ஞானோபதேசத்தில் வீட்டாருக்கான முறை இன்னும் எளிமையாக இருக்கிறது: காலையில் எழுந்ததும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சொல்லி, ஒரு சிறு ஜெபம் செய்து, மகிழ்ச்சியோடு வேலைக்குப் போக வேண்டும், இரவிலும் அவ்வாறே சொல்லிவிட்டு உடனே நிம்மதியாகத் தூங்க வேண்டும். வேலைக்குப் போவதையும் தூங்குவதையும் அவர் ஜெபமுறையின் பகுதியாகவே எழுதிவைத்தார் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். முதல் மாதத்துக்கு இதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டாம்.

மாற்கு சுவிசேஷத்திலிருந்து வாசியுங்கள்

ஆதியாகமத்தில் உற்சாகத்தோடு தொடங்கி, லேவியராகமத்தின் பலிமுறைகளில் திகைத்து நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்களே இருக்கின்றன. நாளொன்றுக்குப் பாதி அதிகாரம் என்று வாசித்தாலும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். பிறகு லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள், அதன்பின் ஆதியாகமம், யாத்திராகமம் என்று செல்லுங்கள். நம் சபைகளில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பை அடியாகக் கொண்டது. அதன் நடை பலருக்கு இனிமையானது, ஆனால் புதியவர்களுக்குச் சில இடங்கள் விளங்காமல் போகலாம். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கடினமான பகுதிகள் தெளிவாகும்.

எப்படி வாசிப்பது என்பதை ஒரு பகுதியைக் கொண்டு காட்டுகிறேன். மாற்கு 10ஆம் அதிகாரத்தின் கடைசியில், எரிகோவை விட்டு இயேசு புறப்படும்போது, வழியருகே பிச்சை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பர்திமேயு என்னும் பார்வையற்றவர் கூப்பிடுகிறார். முதலில் பகுதியை மெதுவாக, வாய்விட்டு, இரண்டு முறை வாசியுங்கள். அடுத்து, யார் யார் அங்கே இருக்கிறார்கள், யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பர்திமேயு கூப்பிடுகிறார், பேசாதிருக்கும்படி அநேகர் அவரை அதட்டுகிறார்கள், அவர் முன்னிலும் அதிகமாகக் கூப்பிடுகிறார், இயேசு நிற்கிறார், அதட்டிய அதே கூட்டத்தார் இப்போது "திடன்கொள், எழுந்திரு, உன்னை அழைக்கிறார்" என்கிறார்கள். "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று இயேசு கேட்கிறார்.

இப்போது அதே அதிகாரத்தில் சற்று மேலே, 36ஆம் வசனத்துக்குப் போங்கள். யாக்கோபையும் யோவானையும் நோக்கி இயேசு இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அவர்கள் கேட்டது மகிமையில் வலதுபக்கத்து இருக்கையும் இடதுபக்கத்து இருக்கையும். வழியோரத்துப் பிச்சைக்காரர் கேட்டது பார்வை. நெடுநாள் கூடவே நடந்த சீஷர்களுக்குத் தெரியாத தங்கள் குருட்டுத்தன்மை, ஒரே நாளில் சந்தித்த அவருக்குத் தெரிந்திருந்தது. பார்வை பெற்றவர் "வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான்" என்று பகுதி முடிகிறது. அந்த வழியோ எருசலேமுக்கும் சிலுவைக்கும் போகிற வழி.

இவ்வளவையும் கவனித்த பிறகுதான் "இது எனக்கு என்ன சொல்கிறது" என்ற கேள்விக்கு வர வேண்டும். நான் பர்திமேயுவா, இருக்கை கேட்ட சீஷர்களா, அதட்டிய கூட்டமா? அதட்டிய கூட்டம் என்றால், இந்த வாரம் யாருடைய குரலை அடக்கினேன்? அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்யும் அம்மா சம்பளம் வரவில்லை என்று சொல்ல வந்தபோது "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேனா? அப்படியென்றால் அன்றைய வேதவாசிப்பு அந்த அம்மாவிடம் போய், "உட்காருங்கம்மா, என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்பதில்தான் முடிகிறது. ஒரு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரி அன்று செய்ய வேண்டிய ஒரு செயலாக இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை நம் மக்களுக்கு மிகப் பிரியமானது. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அட்டையில் உள்ள வசனத்தோடு நின்றுவிடாமல் அது வருகிற அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பலர் வீட்டுச் சுவரில் தொங்கும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் பகுதி. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அதற்கும் மேலே ஏழாம் வசனம், தங்களைச் சிறைப்பிடித்தவர்களின் பட்டணத்துக்காக ஜெபித்து அதன் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. அட்டையில் அச்சாகாத இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பது புரியும்.

ஜெபிக்கச் சொற்கள் இல்லாதபோது

வீட்டு ஜெபக்கூட்டத்தில் சரளமாக ஜெபிப்பவர்களைப் பார்த்துப் புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்சத் தேவையில்லை. உங்கள் முறை வரும்போது "ஆண்டவரே, இன்று எங்களைக் கூட்டிச் சேர்த்ததற்காக உமக்கு நன்றி, ஆமென்" என்று ஒரே வாக்கியம் சொன்னாலும் அது முழுமையான ஜெபமே. எழுதிவைத்து வாசிப்பதும் தவறில்லை. சபையின் பொது ஆராதனை ஜெபங்களெல்லாம் எழுதப்பட்டவையே.

தனி ஜெபத்துக்குச் சங்கீதங்களே சிறந்த பள்ளி. 150 சங்கீதங்களையும் நாளுக்கு ஐந்து வீதம் வாசித்தால் ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். தொடங்குகிறவர்களுக்கு நாளுக்கு ஒன்று போதும். அவற்றில் துதி மட்டும் இல்லை என்பதைக் கண்டு சிலர் திடுக்கிடுவார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. குறை சொல்வது, அழுவது, கோபப்படுவது எல்லாவற்றையும் கடவுளுக்கு முன்பாகச் செய்யலாம் என்று வேதமே அனுமதிப்பதை அறியாததால், பலர் ஜெபத்தில் ஒரு முகமும் மனத்தில் இன்னொரு முகமுமாக வாழ்ந்து களைத்துப்போகிறார்கள்.

குடும்ப ஜெபம் பத்து நிமிடத்தைத் தாண்டாதிருப்பது நல்லது: ஒரு பாட்டு, சில வசனங்கள், சுருக்கமான ஜெபம். பிள்ளைகளையும் முறைவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஜெபத்தைப் பிள்ளைகளைத் திட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். "ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேன் என்கிறான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று மகன் பக்கத்தில் இருக்க உரக்க ஜெபிக்கும் தகப்பன், கடவுளிடம் பேசுவதுபோல் மகனிடம்தான் பேசுகிறார். மகனுக்கும் அது தெரியும். அதற்குப் பதிலாக, "இன்றைக்கு நான் உன்மேல் கத்திவிட்டேன், தம்பி, அதற்காக என்னை மன்னிக்கும்படி ஆண்டவரிடம் கேட்கிறேன்" என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டில் ஜெபத்தின் பொருளே மாறிவிடும்.

ஞாயிறும், திருவிருந்தும், ஒப்புரவும்

ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் செல்லுங்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரசங்கம் சிறப்பாக இல்லாத நாளிலும் சபையாரோடு சேர்ந்து நிற்பதே ஒரு பயிற்சி. நான் விரிவாகப் பேச விரும்புவது திருவிருந்தைப் பற்றி.

1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபை, சில ஆண்டுகளில் தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை அமைத்தபோது, ஆதிச் சபையின் சமாதான வாழ்த்தை அதில் சேர்த்துக்கொண்டது. சமாதானம் கொடுப்பவர் தமது வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு வைக்க, இருவரும் தத்தம் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். ஆயரிடமிருந்து தொடங்கும் இந்தச் சமாதானம் கைக்குக் கை சபை முழுவதும் கடந்து போகும். இன்று பல இடங்களில் கைகூப்பி வணங்குவதோடு இது முடிந்துவிடுகிறது. எப்படிச் செய்தாலும், அப்பத்தையும் இரசத்தையும் பெறுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு சமாதானமாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23, 24இல் ஆண்டவர் சொன்னதன் நடைமுறை வடிவம் அது.

ஆகவே திருவிருந்து வரும் வாரத்தில், வியாழக்கிழமைக்குள் ஒரு வேலையைச் செய்யுங்கள். பேசாமல் இருக்கும் உறவு ஏதாவது உண்டா என்று யோசியுங்கள். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன், நகைப் பங்கீட்டில் மனம் கசந்த நாத்தனார், பதவி உயர்வில் உங்களை முந்திய சக ஊழியர் என்று யாராவது ஒருவர் நினைவுக்கு வருவார். அவரைத் தேடிச் சென்றோ, முடியாவிட்டால் தொலைபேசியிலோ பேசுங்கள். "அண்ணே, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீங்களும்..." என்று ஒரு சொல் சேர்ந்தாலும் மன்னிப்பு வழக்காகிவிடும். அவர் தொலைபேசியை வைத்துவிடலாம். பழைய கதையைத் தொடங்கலாம். அவருடைய பதிலுக்கு நீங்கள் பொறுப்பல்ல. நிலத்தையோ பணத்தையோ தவறாக வைத்திருந்தால் மட்டும், வார்த்தை போதாது. திருப்பிக் கொடுக்க வேண்டும். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களை அடித்தவரிடமோ பாலியல் கொடுமை செய்தவரிடமோ நீங்கள் தனியாகப் போய் ஒப்புரவாக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், அதற்கு இணங்க வேண்டாம். முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். சட்டத்தின் உதவியை நாடுவது மன்னிப்புக்கு எதிரானதன்று.

திருவிருந்தைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். சேர்ந்து உட்காருவதும் ஒரே பாத்திரத்தில் இரசம் அருந்துவதும் அவர்களுக்கு இயலாததாக இருந்தது. அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்றும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களும், "கிறிஸ்தவர், இன்ன சாதி" என்று தொடங்கும் மணமகள் தேவை விளம்பரங்களும் நம்மிடையே இருக்கின்றன. இதை மாற்றுவது ஒரு புதிய விசுவாசியின் கையில் முழுவதும் இல்லை. ஆனால் சில காரியங்கள் உங்கள் கையில் இருக்கின்றன: அசனப் பண்டிகையில் யாருக்குப் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடுகிறீர்கள், யாரை வீட்டுக்கு அழைத்து உங்கள் தட்டில் பரிமாறுகிறீர்கள், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள், உங்கள் பிள்ளையின் திருமணப் பேச்சில் எந்தக் கேள்வியைக் கேட்க மறுக்கிறீர்கள் என்பவை. சீஷத்துவத்தின் மற்ற எல்லாப் பயிற்சியையும் ஒழுங்காகச் செய்து இதில் மட்டும் ஊர் வழக்கத்தோடு போகிறவர், பின்செல்லுதலின் மையத்தையே தவறவிட்டவர் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உபவாசம்

சாம்பற்புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை, இடையில் வரும் ஞாயிறுகளை நீக்கிக் கணக்கிட்டால் லெந்து என்னும் தவக்காலத்தின் நாட்கள் 40. புதியவர்கள் இந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை உணவை விடுவதிலிருந்து தொடங்கலாம். சர்க்கரை நோயாளிகளும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், வேளாவேளைக்கு மருந்து உட்கொள்பவர்களும் உணவை விட வேண்டாம். அவர்கள் தொலைக்காட்சித் தொடரையோ கைப்பேசிக் காணொளிகளையோ விடலாம், அதுவும் எளிதன்று.

ஏசாயா 58ஆம் அதிகாரத்தை அன்று கட்டாயம் வாசியுங்கள். உபவாசம் இருந்துகொண்டே வேலைக்காரரை ஒடுக்குகிறவர்களைக் கடவுள் அங்கே கடிந்துகொண்டு, பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதே தமக்குப் பிரியமான உபவாசம் என்கிறார். எனவே விட்ட உணவின் விலையை ஓர் உறையில் எடுத்து வைத்து, அந்த வாரமே தேவையுள்ள ஒருவருக்குக் கொடுங்கள். பசியால் வரும் எரிச்சலை மனைவியின் மேலோ கணவரின் மேலோ காட்டிவிட்டீர்களென்றால், அந்த உபவாசம் உங்கள் உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்திருக்கிறது. அதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த வெள்ளியும் தொடருங்கள்.

பணமும் வேலையும்

சமைக்கும் முன் உலைக்கு எடுத்த அரிசியில் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, அதைச் சபைக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் தென் மாவட்டப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே நம் ஊழியர்களை அனுப்புவது என்று துணிந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட எளிய மக்களின் கொடுக்கும் பழக்கம் இருந்தது. சமையலுக்கு முன்பே எடுத்துவைத்தார்கள் என்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கைப் பிரித்து வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. பத்தில் ஒரு பங்கு என்பது பலர் பின்பற்றும் அளவு. கடனில் இருப்பவர்கள் அதைவிடக் குறைவாகத் தொடங்குவதில் வெட்கமில்லை. கொடுத்தால் இருமடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்.

காணிக்கைக்கு முன் இன்னொரு கணக்கைத் தீர்க்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கும், வயலில் வேலை செய்தவர்களுக்கும், கடைப் பையனுக்கும் சேர வேண்டிய கூலியைக் காலந்தாழ்த்தாமல் கொடுத்துவிட்டீர்களா? கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்பது லேவியராகமம் 19:13இன் கட்டளை. வணிகர்கள் நீதிமொழிகள் 11:1ஐத் தராசுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது."

வரதட்சணையை 1961ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆலயத்தில் நடக்கும் திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்பதை மறந்தவர்கள்போல் நம் மக்கள் நடந்துகொள்கிறார்கள். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவர்களாகவே மகளுக்குச் செய்கிறார்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை தகப்பன்மார் வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பதை எல்லோரும் அறிவோம். திருமண வயதில் இருக்கும் இளைஞர்களே, உங்கள் சீஷத்துவத்துக்கு வரும் முதல் பெரிய சோதனை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று ஒதுங்காமல், பெண் வீட்டாரிடம் நீங்களே நேரில், "எனக்கு நகையோ பணமோ வேண்டாம், மாமா, அப்படிக் கொடுத்தால் நான் வாங்கமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

வீட்டார் வேறு நம்பிக்கையில் இருந்தால்

முதல் தலைமுறை விசுவாசிகளுக்கு இதுதான் மிகக் கடினமான பகுதி. பூசையில் கலந்துகொள்வது, படையலை உண்பது, திருநீறு பூசிக்கொள்வது போன்றவற்றில் உங்கள் மனச்சாட்சி எங்கே நிற்கிறது என்பதை முன்கூட்டியே, வீட்டில் கூட்டமில்லாத ஒரு நாளில், அம்மாவிடமோ அப்பாவிடமோ தனியாக, பணிவாகச் சொல்லுங்கள். பண்டிகை அன்று எல்லோர் முன்னிலையிலும் மறுத்து அவர்களை அவமானப்படுத்தாதீர்கள். செய்ய முடியாததைச் சொல்லும்போதே செய்யக்கூடியதையும் சொல்லுங்கள்: "அம்மா, சாமி கும்பிடுறதுல மட்டும் என்னால சேர முடியாது. ஆனா வீடு கழுவுறது, சாமான் வாங்குறது, வர்றவங்களுக்குப் பரிமாறுறது எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அவர்களுடைய தெய்வங்களை இழித்துப் பேசாதீர்கள். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளை, அவர்கள் விசுவாசிகளாக இருந்தால் மட்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை. சம்பளத்தில் வழக்கமாகக் கொடுத்துவந்த பங்கை நிறுத்தாதீர்கள். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது ஜெபக்கூட்டத்தைவிட முந்தியது. குடும்பத்தோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் உண்மையான விசுவாசி என்று சொல்கிறவர்களின் ஆலோசனையை ஏற்காதீர்கள். சுவிசேஷத்தின் பொருட்டு உங்களை அவர்கள் வெளியேற்றினால் அது வேறு. அப்போது சபைதான் உங்களுக்கு வீடாக வேண்டும். அந்தப் பொறுப்பைப் பழைய விசுவாசிகளான நாங்கள் இன்னும் நேர்மையாக ஏற்க வேண்டும்.

யாரிடம் கேட்பது

இவற்றையெல்லாம் தனியாகச் செய்ய முயலாதீர்கள். ஆயரோ, உபதேசியாரோ, சபையில் முதிர்ந்த ஒருவரோ உங்களோடு மாதத்தில் இருமுறையாவது உட்கார்ந்து பேசட்டும். பெண்கள் ஒரு பெண்ணையும் ஆண்கள் ஓர் ஆணையும் தெரிந்துகொள்வது நல்லது. யாரைத் தெரிந்துகொள்வது என்று ஐயமாக இருந்தால், மேடையில் நன்றாகப் பேசுகிறவரைப் பார்க்காதீர்கள். வீட்டாரும் வேலையாட்களும் யாரைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பணம் கேட்பவர், "இதை யாரிடமும் சொல்லாதே" என்பவர், தம்மை எதிர்த்தால் சாபம் வரும் என்று பயமுறுத்துபவர், நள்ளிரவில் செய்தி அனுப்புபவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகி, சபைப் பொறுப்பாளரிடமும் உங்கள் வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

வறண்ட நாட்கள் வரும்போது

சில மாதங்களில் ஆரம்ப உற்சாகம் தணியும். வேதம் வெறும் எழுத்தாகவும் ஜெபம் சுவரோடு பேசுவதாகவும் தோன்றும். பல நாட்கள் விட்டுப்போனால், விட்டுப்போன அதிகாரங்களையெல்லாம் சேர்த்துப் படித்துக் கணக்கை நேராக்க முயலாதீர்கள். அந்த முயற்சியிலேயே பலர் முற்றிலும் நின்றுவிடுகிறார்கள். அன்றைய தேதிக்கு உரியதை மட்டும் திறந்து வாசியுங்கள். ஜெபிக்க முடியாவிட்டால் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று நோயுற்ற பிள்ளையின் தகப்பன் மாற்கு 9:24இல் கதறியது உங்களுக்கும் கொடுக்கப்பட்ட ஜெபமே.

ஆனால் இந்த வறட்சி வேறொன்றாகவும் இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் வராமல், பசியில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்துபோனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவைக் கடவுளின் தூதன் கடிந்துகொள்ளவில்லை, உபதேசமும் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிட வைத்து, மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான் என்று 1 இராஜாக்கள் 19 சொல்கிறது. எனவே மனநல மருத்துவரைப் பார்ப்பதும் அவர் கொடுக்கும் மருந்தை நிறுத்தாமல் உட்கொள்வதும் விசுவாசக் குறைவாகாது. "ஜெபித்தால் போதும், மாத்திரையை நிறுத்து" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்களைத் தெரிந்த ஒருவரிடம் இன்றே சொல்லி, மருத்துவமனைக்குத் துணைக்கு வரச் சொல்லுங்கள். உங்களால் ஜெபிக்க முடியாத நாட்களில் உங்களுக்காக ஒரு சங்கீதத்தை வாசிக்கும்படியும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.